மயிலாடில சொல்லி அடிச்சு வாங்குன புருஷாமிருகம் சிலை, ரெண்டு மாசம் கழிச்சு என் ரிவ்யூ

சிலை வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. வந்த அன்னைக்கே எழுதணும்னு தான் இருந்தேன், ஆனா புதுசுல எல்லாமே அழகா தான் தெரியும், கொஞ்ச நாள் தினமும் பாத்துட்டு, மழை பட்டா எப்படி இருக்கு, பாலிஷ் மங்குனா எப்படி இருக்குன்னு தெரிஞ்சுட்டு எழுதுவோம்னு விட்டுட்டேன். இப்ப தைரியமா சொல்றேன், கொஞ்சம் குறை இருக்கு, அதைக் கீழ சொல்றேன், அதைத் தவிர குடுத்த 24,000 ரூபாய்க்கு மேல தான் வேலை நடந்துருக்கு. பட்டறை பேரு இங்க போடல. கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடில இறங்கி புருஷாமிருகம் அடிச்ச கொட்டகை எதுன்னு கேட்டா யாரும் காட்டித் தருவாங்க.

வெளியூர்க்காரங்களுக்கு புருஷாமிருகம்னா என்னன்னு முதல்ல சொல்லிறேன். தலை மனுஷத் தலை, உடம்பு மிருகம், சில கோயில்ல புலி மாதிரி இருக்கும், சில இடத்துல சிங்கம் மாதிரி. சிவ பக்தியில அதை மிஞ்ச ஆள் கெடையாது. சிவன் கோயில் தீபாராதனைல வரிசையா காட்டுற அலங்கார தீபத்துல புருஷாமிருக தீபம்னே ஒண்ணு உண்டு, வாகனமாவும் வரும். எங்க குமரி மாவட்டத்துக்கு அது இன்னும் நெருக்கம், ஏன்னா சிவராத்திரிக்கு நாங்க ஓடுற சிவாலய ஓட்டமே அது விரட்டுன ஓட்டம் ஆக்கும். எங்க ஊர்ல சொல்லுற கதைப்படி தர்மருக்க யாகத்துக்கு புருஷாமிருகத்துக்க பால் வேணும்னு கிருஷ்ணர் பீமனை அனுப்புறாரு, கையில 12 ருத்ராட்சமும் குடுத்து விடுறாரு. பீமன் கோவிந்தா கோபாலான்னு கூப்பிட்டுட்டு போறான், சிவன் பேரைத் தவிர வேற பேரு காதுல விழுந்தா அதுக்கு ஆகாது, விரட்ட ஆரம்பிக்கு, பிடிக்கப் போற நேரம் பாத்து பீமன் ஒரு ருத்ராட்சத்தை கீழ போடுவான், விழுந்த இடத்துல லிங்கம் எழும்பும், லிங்கத்தைக் கண்டதும் அது பீமனை மறந்துட்டு பூஜைக்கு நின்னுரும், அந்த நேரத்துல இவன் ஓடிருவான். முஞ்சிறை திருமலைல தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியா திருநட்டாலம். 12 கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல. காவி வேட்டி கட்டி, கையில பனையோலை விசிறியோட, இப்பவும் அதே கோவிந்தா கோபாலா சொல்லிட்டு தான் ஓடுறோம்.

நான் ஒம்பது தடவை ஓடிருக்கேன். முதல் தடவை அப்பா கூட ஓடுனப்போ எனக்கு 13 வயசு, பொன்மனைல கால் ரெண்டும் கொப்புளம் வந்து உக்காந்துட்டேன், அப்பா விசிறிட்டே கேட்டாரு, "மக்களே, அது பீமனைப் பிடிக்க ஓடுச்சுல்லா, எத்தனை காலுல ஓடிருக்கும்?" அப்படின்னு. நாலு காலுலன்னேன். "அப்போ பூ போட்டு கும்பிடும்போ?" அதுக்கு கை வேணுமே, மணி அடிக்க ஒரு கை, தீபம் காட்ட ஒரு கை, அப்போ ரெண்டு காலுல தான் நின்னுருக்கணும். அன்னைக்கு மனசுல பதிஞ்சது, அது 12 தடவை ஓடி 12 தடவை எழும்பிருக்கு. ஓடுறப்போ மிருகம், லிங்கத்தைப் பாத்ததும் மனுஷன், திரும்பவும் கீழ விழுந்து ஓட்டம். இந்தக் கதையோட உயிரே எனக்கு அந்த எழும்புற நேரத்துல தான் இருக்கு, ஆனா நான் பாத்த படம், சிலை, வாகனம் எல்லாத்துலயும் ஒண்ணு நாலு காலுல நிக்கும், இல்லைன்னா நேரா மனுஷன் மாதிரி நிக்கும், நடுவுல உள்ளது எங்கயும் இல்லை.

நான் பிளஸ் டூ பிள்ளையளுக்கு விலங்கியல் எடுக்குறேன், அதனால இந்த விஷயம் என்னை விடவும் இல்லை. ரெண்டு வருஷம் முன்னால ஆன்லைன்ல ஒரு ஓநாய் மனுஷன் பொம்மை வாங்குனேன், ரெண்டு காலுலயும் நாலு காலுலயும் நிக்கும், எல்லா மூட்டும் மடங்கும்னு போட்டுருந்தாங்க, 3,200 ரூபா. வந்ததும் கிளாஸ்ல கொண்டு போய் மேஜையில வச்சேன். நாலு காலுல வச்சா முகம் தரையைப் பாக்குது, குண்டி தோளுக்கு மேல தூக்கிட்டு நிக்குது, ரெண்டு காலுல நிறுத்தினா பின்னால சாயுது. காரணம் ரொம்ப சிம்பிள், அது மனுஷ உடம்பு, மேல ஓநாய் தோல் போத்தி விட்டுருக்கு. மனுஷனுக்கு முதுகுத்தண்டு மண்டைக்கு அடியில வந்து சேருது, அதனால தான் நாம நிமிந்து நின்னா முகம் முன்னால பாக்குது, நாய்க்கும் புலிக்கும் அது மண்டைக்குப் பின்பக்கமா சேருது, அதனால நாலு காலுல நின்னாலும் முகம் நேரா இருக்கு. ரெண்டுக்கும் ஆகுற மாதிரி ஒரு ஜீவனை கற்பனை பண்ணணும்னா முதல்ல கழுத்தை யோசிக்கணும், அந்த பொம்மை செஞ்சவங்க கழுத்தை யோசிக்கவே இல்லை. திருப்பி எடுக்கச் சொல்லி மூணு மெயில் போட்டேன், டேமேஜ் இல்லாம எடுக்க மாட்டோம்னு பதில், அத்தோட விட்டுட்டேன்.

சரி மயிலாடிக்கு வாரேன். சுசீந்திரம் தாண்டி போகணும், கல் சிற்பத்துக்கு புவிசார் குறியீடு வாங்குன ஊரு, ரோட்டுல இறங்குனதுமே உளிச் சத்தம் தான் நம்மள கூப்பிடும், இப்ப கூடவே கிரைண்டர் சத்தமும் வெள்ளைப் புழுதியும். போற வழியில சுசீந்திரத்துல இறங்கி தூண் யாளியளை ஒரு மணி நேரம் பாத்துட்டு தான் போனேன், பின்னங்கால்ல எழும்பி முன்னங்காலைத் தூக்கிட்டு நிக்குற யாளி, சிங்கமும் ஆனையும் சேந்த மாதிரி, அந்தக் காலத்து ஆளுக இடுப்பை எவ்வளவு கனமா விட்டுருக்காங்கன்னு பாக்கணும், முன்பக்கம் லேசா, பின்பக்கம் பாறை மாதிரி. எழும்பி நிக்குற எதுக்கும் பின்னால தான் பலம் வேணும்னு அவங்களுக்கு தெரிஞ்சுருக்கு.

முதல்ல போன ரெண்டு பட்டறைல பிள்ளையார், நந்தி, வள்ளுவர் தான் செய்வோம், இது நமக்கு வராதுன்னு நேராவே சொல்லிட்டாங்க, அதுவும் நல்லது தான். மூணாவது கொட்டகைல ஒரு பெரியவர், 60 தாண்டிருக்கும், கண்ணாடிக்கு மேல கூட புழுதி. நான் சொன்னதைக் கேட்டுட்டு "சார், நிக்கணுமா நடக்கணுமா, அதைச் சொல்லுங்க, அதுக்குத் தக்கன கல்லு எடுக்கணும்" அப்படின்னாரு. ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி, எழும்பணும்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் தோள்ல கெடந்த துண்டை எடுத்து மாத்தி வச்சுட்டு, அந்த கல்லுப் பொடியில முட்டும் கையும் ஊனி நாலு காலுல நின்னாரு. பைய எழும்புனாரு. திரும்ப குனிஞ்சாரு, திரும்ப எழும்புனாரு, உதவிக்கு நின்ன பையன்கிட்ட "லேய், சைடுல நின்னு வீடியோ எடு"ன்னாரு. நாலு தடவை செஞ்சுட்டு மூச்சு வாங்கிட்டே சொன்னாரு, "பாத்தியளா, முதல்ல கை தரையைத் தள்ளுது, அப்புறம் தான் பாரம் பின்னால போவுது. நமக்கு வால் இல்லைல்லா, அதனால கை தள்ளியே ஆகணும். அதுக்கு வால் உண்டு, அது வாலை வச்சு சமாளிக்கும். அதனால ஒரு கை முன்னாடியே பொங்கி மேல வந்துரலாம்." அந்த நிமிஷமே அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

குதிங்கால் விஷயமும் சொல்லணும், ஏன்னா இதுல தான் முக்காவாசி கற்பனை மிருகம் செய்யுறவங்க சறுக்குறாங்க. புலி, நாய், பூனை இதுகளுக்கு பின்னங்கால் பின்பக்கமா மடங்குற மாதிரி தெரியும், அதை எல்லாரும் முட்டுன்னு நினைப்பாங்க, அது முட்டு இல்லை, குதிங்கால். முட்டு அதுக்கும் மேல, வயித்துக்கு ஒட்டி, முன்பக்கமா தான் மடங்கும், நமக்கு இருக்குற மாதிரியே. அதுக எல்லாம் விரல்ல நடக்குற ஜாதி, குதிங்கால் தரையைத் தொடாது. கரடி அப்படி இல்லை, முழுப் பாதமும் ஊனும், அதனால தான் கரடி எழும்பி நின்னா பதட்டம் இல்லாம நிக்கும். இதை எல்லாம் நான் பேப்பர்ல வரைஞ்சு விளக்க ஆரம்பிச்சேன், அண்ணாச்சி பேப்பரை வாங்கி பாத்துட்டு "சார், ஆட்டுக்கால் சூப்பு வைக்கியள்ளா, நாங்க அதை வச்சு தான் படிச்சோம், எங்க அப்பா எலும்பை கழுவி வரிசையா அடுக்கிக் காட்டுவாரு, எது முட்டு எது குதிங்கால்னு எங்களுக்கு அப்பமே தெரியும்" அப்படின்னாரு. அவருக்க முடிவு என்னன்னா, பின்னங்கால் ரெண்டுல ஒண்ணு விரல்லயே நிக்கட்டும், இன்னொண்ணுல குதிங்கால் கீழ இறங்கிட்டு வரட்டும், தரையைத் தொட ஒரு விரக்கடை பாக்கி இருக்கட்டும். புலிக்கால் மனுஷக்காலா ஆகிட்டு இருக்கு. எனக்கு இது தோணவே இல்லை, 20 வருஷமா பாடம் எடுக்குறேன்.

கல்லு பாத்தது தனிக் கதை. கொட்டகைக்குப் பின்னால கெடந்த கருங்கல் ஒவ்வொண்ணையும் சுத்தியல் வச்சு தட்டி காதைக் குடுத்து கேட்டாரு. மணி மாதிரி கணீர்னு கேட்டா ஆண் கல், தாளம் மாதிரி கேட்டா பெண் கல், சத்தமே சரியில்லாம மொத்துன்னு கேட்டா அதை பீடத்துக்கு தான் எடுப்பாங்களாம். நாலாவது கல்லு கணீர்னு கேட்டுச்சு. "கும்பிடுத ஜீவன் ஆனதால ஆண் கல்லுலயே செய்வோம்"னாரு.

வால் விஷயத்துல மட்டும் எங்களுக்குள்ள பெரிய பேச்சு. கல்லுல வாலை சும்மா அந்தரத்துல விட முடியாது, ஒடிஞ்சுரும், அதனால வாலை கீழ இறக்கி பீடத்துல ஊனிரலாம்னு அவரு சொன்னாரு. நான் வேண்டாம்னேன். காரணத்துக்கு அவருக்கு இகுவானடான்ங்கிற டைனோசர் கதையைச் சொன்னேன். 1878ல பெல்ஜியத்துல பெர்னிசார்ட்ங்கிற ஊர்ல நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள, முந்நூறு மீட்டருக்கும் கீழ, முப்பதுக்கு மேல டைனோசர் எலும்புக்கூடு கெடைச்சுது. டொல்லோன்னு ஒருத்தர் 1882ல அதை கங்காரு மாதிரி நிமித்தி, வாலைத் தரையில ஊனி நிறுத்தி வச்சாரு, நூறு வருஷம் கிட்ட புத்தகத்துல எல்லாம் அந்தப் படம் தான். அப்புறம் 1980ல நார்மன்னு ஒரு ஆராய்ச்சிக்காரர் எலும்பை திரும்பப் பாத்து, வாலை அப்படி வளைக்கணும்னா எலும்பை ஒடிச்சா தான் முடியும், அந்த வால் விறைப்பா நேரா பின்னால நீட்டிட்டு இருந்துருக்கும்னு சொன்னாரு. அது ரெண்டு காலுலயும் நாலு காலுலயும் நடந்த நெசமான ஜீவன், கையில நடுவுல உள்ள மூணு விரல் குளம்பு மாதிரி, ஊனி நடக்க, கட்டைவிரல் தனியா ஆணி மாதிரி. ஆக வால் தரையில கெடந்தா அந்த மிருகம் உக்காந்த மாதிரி ஆகிரும், எழும்புற மாதிரி இருக்காது. அண்ணாச்சி டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டு இருந்தாரு. "அப்போ வாலை நீட்டுவோம், ஆனா கல்லுக்கு தாங்கல் வேணும்லா, பீடத்துலேர்ந்து ஒரு தாமரைக் கொடி எழும்பி வாலைத் தொட்ட மாதிரி விடுதேன், பாக்குதவனுக்கு பூ, கல்லுக்கு கால்" அப்படின்னாரு. இதுக்கு மேல ஒருத்தருக்கு என்ன தெரியணும், சொல்லுங்க.

இப்ப சிலை எப்படி இருக்குன்னு சொல்றேன். உயரம் 16 இஞ்ச், பீடத்தோட 35 கிலோ கிட்ட வரும். இடது கை இன்னும் தரையில தான் இருக்கு, ஆனா உள்ளங்கை பொங்கிட்டு, விரல் நுனி மட்டும் தொட்டுட்டு இருக்கு. வலது கை நெஞ்சு வரைக்கும் வந்துட்டு, அந்தக் கையை தான் நான் தினமும் பாக்குறேன், புலிப் பாதத்துக்க மெத்தை அப்படியே இருக்கு, ஆனா விரல் நாலும் நீண்டு பிரிஞ்சுட்டு, நகம் பாதி உள்ள போயிட்டு, கட்டைவிரல் மட்டும் மனுஷக் கட்டைவிரல், இன்னொரு கை வந்தா கூப்பிரும்கிற மாதிரி. வயித்துல தோல் இழுபட்டு மூணு மடிப்பு. கழுத்து நீளமா வளைஞ்சு வருது, மனுஷக் கழுத்தை விட நீளம், ஆனா அசிங்கமா தெரியல, சடை விழுந்து மறைச்சுருக்கு, முகம் நேரா, கண்ணு லேசா மேல பாத்துட்டு இருக்கு. கோவத்துல ஓடி வந்த முகம் தான், உதடு மட்டும் தளர்ந்துட்டு. எதிர்ல லிங்கம் வைக்கலை, நான் தான் வேண்டாம்னேன், அந்தக் கண்ணே சொல்லுது லிங்கம் எங்க இருக்குன்னு.

ஒரு விஷயம் பட்டறைல வச்சு எனக்கு தெரியல, வீட்டுல திண்ணையில வச்ச பிறகு தான் தெரிஞ்சுது. இடது பக்கமா வாசல்லேர்ந்து வந்தா அது நாலு காலுல பாஞ்சு வாற மிருகம். படி ஏறி அதைக் கடந்து வலது பக்கம் வந்தா அது எழும்பிட்டு. நடந்து வாற நமக்கு முன்னாலயே அது எழும்புது. எங்க அம்மா முதல் நாள் ரெண்டு தடவை வெளிய இறங்கி திரும்ப ஏறி பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம உள்ள போய் ஒரு செம்பருத்திப் பூ கொண்டு வந்து வச்சாங்க. அப்பா இருந்தா இதைப் பாக்காம சாப்பிட உக்காந்துருக்க மாட்டாரு.

இனி குறை. 45 நாள்ல தாறேன்னு சொன்னது 78 நாள் ஆச்சு. நடுவுல ஒரு கோயில் வேலை வந்துட்டு, அது புரியுது, ஆனா போன் எடுத்து ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம், நான் ரெண்டு தடவை தக்கலையிலேர்ந்து பஸ் ஏறி போய் பாக்க வேண்டி வந்துச்சு. வயித்துக்கு அடியில கிரைண்டர் கோடு அப்படியே கெடக்கு, குனிஞ்சு பாத்தா தான் தெரியும், இருந்தாலும் இவ்வளவு செஞ்சவரு அதையும் தேய்ச்சு விட்டுருக்கலாம்.

பெரிய குறை இது தான். வந்து மூணாவது வாரம் நல்ல மழை, திண்ணையில சாரல் அடிச்சு சிலை முழுக்க நனைஞ்சு கறுத்துச்சு, காயும்போ பாத்தா பின்னங்கால்ல மூணாவது விரல் மட்டும் காயாம வேற நிறத்துல நிக்குது. கிட்ட போய் நகத்தால தொட்டுப் பாத்தேன், கல்லு இல்லை. விரல் நுனி தெறிச்சுருக்கு, கல்லுப் பொடியும் பசையும் குழைச்சு ஒட்டி மேல தேய்ச்சு விட்டுருக்காங்க. எனக்கு ரொம்ப வருத்தமா போச்சு. தெறிக்கிறது கல்லு வேலைல சகஜம் தான், ஆனா சொல்லணும்லா. போன் பண்ணுனேன், அண்ணாச்சி மறைக்கல, "நான் கோயில் வேலையில இருந்தப்போ பையன் கை தவறிருச்சு, எனக்கே லோடு ஏத்துத அன்னைக்கு தான் தெரியும், சொல்லிருக்கணும், தப்பு தான்" அப்படின்னாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை உளியோட வீட்டுக்கே வந்து ஒட்டுனதை எடுத்துட்டு, மத்த ரெண்டு விரலையும் ஒரு நூல் அளவு குறைச்சு மூணையும் சமமாக்கிக் குடுத்துட்டு போனாரு. பஸ் காசு கூட வாங்கல. இப்ப பாதம் கொஞ்சம் சின்னதா இருக்கு, ஆனா முழுக் கல்லு.

வாங்கணும்னு நினைக்கிறவங்களுக்கு. ரெடிமேடா வேணும்னா மயிலாடில எல்லாக் கடையிலயும் கெடைக்கும், இந்த மாதிரி தனியா யோசிச்சு செய்ய வேண்டிய வேலைன்னா படம் மட்டும் அனுப்பாதீங்க, நேர்ல போங்க, கதையைச் சொல்லுங்க, அவங்க கேக்குற கேள்வியிலயே ஆளைத் தெரிஞ்சுரும். நிக்கணுமா நடக்கணுமான்னு கேக்காம விலையை மட்டும் சொன்னா அடுத்த கொட்டகைக்கு போயிருங்க. நாள் கணக்கை ரெண்டு மடங்கா வச்சுக்கோங்க. ஆடி, ஐப்பசி மழைக்கு முன்னால வாங்கி வெளிய வைக்கப் போறீங்கன்னா, லோடு ஏத்துறதுக்கு முன்னால ஒரு வாளி தண்ணி ஊத்தி காய வச்சுப் பாருங்க, ஒட்டு இருந்தா அங்கயே தெரிஞ்சுரும், இது நான் கத்துக்கிட்டது.

தேங்கா நாரும் சாக்கும் சுத்தி நல்லா தான் பேக் பண்ணித் தந்தாங்க, லோடு ஆட்டோவுக்கு தனியா காசு. இறக்கும்போ வாலையோ பொங்குன கையையோ பிடிச்சுறாதீங்க, பீடத்துக்கு அடியில ரெண்டு பேரு கை குடுத்து தூக்கணும். டைல்ஸ் தரைன்னா கீழ ஒரு ரப்பர் ஷீட் போட்டுருங்க.